விருந்தாளி இருக்கும் ஆறு வாரம்

பெரியநாயக்கன்பாளையத்தில் மெர்சி வீட்டில் அடி விழாத வாரங்கள் வருஷத்துக்கு ஆறு. அந்த ஆறு வாரத்துக்காகத்தான் அவள் வெளிநாட்டுப் பிள்ளைகளை வீட்டில் தங்க வைத்தாள்.

கோயம்புத்தூரில் ஒரு மொழிப்பள்ளி இருக்கிறது. ஜூன் பிறந்தால் எங்கெங்கோ தேசத்திலிருந்து பதினாறு, பதினேழு வயசுப் பிள்ளைகள் தமிழ் படிக்க வந்து இறங்குவார்கள். பகலில் வகுப்பு. மற்ற நேரமெல்லாம் ஏதாவது ஒரு குடும்பத்தோடு இருந்து பேசிப் பழக வேண்டும். மோட்டார் கம்பெனியில் செம்புக் கம்பியைக் காயிலாகச் சுற்றும் மெர்சி, மூன்று வருஷத்துக்கு முன்னால் பேர் கொடுத்தாள். புருஷன் தமிழ்வேந்தன் மறுப்பான் என்றுதான் நினைத்தாள். அவனுக்கோ தலைகால் புரியவில்லை. வெளிநாட்டுப் பிள்ளை தங்குகிற வீடு என்று தெருவில் நாலு பேர் சொல்வார்களே!

வெளியில் விசாரித்தால், தமிழ்வேந்தன் வாயில் விரல் வைத்தாலும் கடிக்கத் தெரியாத மனுஷன் என்பார்கள். பால்காரரிடம்கூட 'ஏனுங்க', 'சரிங்க'தான். அந்த 'ங்க'வெல்லாம் வாசற்படி வரைக்கும். உள்ளே வந்தால் பெல்ட். ஆனால் விருந்தாளி இருக்கும்போது பெண்டாட்டி மேல் கை வைக்கக் கூடாது என்று ஒரு சட்டம் வைத்திருந்தான். அவன் அப்பனும் அப்படித்தானாம். பெரிய தர்மவான்கள், பாருங்கள்.

அவன் அடியை விட்டுவிடவில்லை, சேர்த்து வைத்தான். குழம்பில் உப்புக் கூடினாலோ, அவள் சத்தமாகச் சிரித்தாலோ, வேலை முடிந்து பத்து நிமிஷம் பிந்தி வந்தாலோ, காதருகே குனிந்து சிரித்த முகமாகவே சொல்வான்: "விருந்தாளி போகட்டும் மெர்சி."

போன வருஷம் கொரியாப் பையனை ஏற்றிக்கொண்ட கார் தெருமுனை திரும்பியதும் கதவைச் சாத்தினான். இது உப்புக்கு, இது சிரித்ததுக்கு என்று ஒவ்வொன்றாகச் சொல்லிச் சொல்லி அடித்தான். பெல்ட் அறுந்ததும் பூரிக்கட்டையை எடுத்தான். அவளுடைய இடது கையைத் தரையில் வைத்து முட்டிக்காலால் அழுத்திக்கொண்டு ஓங்கி இறக்கினான். எலும்பு உடைகிற சத்தம் அவளுக்கே கேட்டது. இரண்டு விரல்கள். ஆஸ்பத்திரியில், மிஷினில் கை மாட்டிக்கொண்டதாகச் சொன்னாள்.

பிறகு எதற்கு இந்த வருஷமும் பேர் கொடுத்தாள் என்று கேட்பீர்கள். ஆறு வாரம் உடம்பில் புதுக் காயம் இல்லாமல் படுத்து எழுந்திருப்பது என்னவென்று அடி வாங்கினவர்களுக்குத்தான் தெரியும்.

இந்த வருஷம் வந்தவள் மார்த்தா. போலந்துக்காரி, பதினேழு வயசு. வந்த நாளிலிருந்து மெர்சியின் முந்தானையை விடவில்லை. எதைக் கண்டாலும், "அக்கா, இது என்ன?" ஊருக்குக் கிளம்ப வேண்டிய நாளுக்கு முந்தின சாயங்காலம், வெங்காயம் உரித்துக்கொண்டே கேட்டாள்.

"அக்கா, அண்ணா ஏன் எப்பவும் 'விருந்தாளி போகட்டும்'னு சொல்றாரு?"

மெர்சியால் அடக்க முடியவில்லை. கோணலாக ஒட்டியிருந்த இரண்டு விரல்களையும் நீட்டிக் காட்டினாள். "நீ போனதும் இதுதான் நடக்கும் கண்ணு. ஆருகிட்டயும் சொல்லிப்போடாத."

மறுநாள் காலையில் பள்ளியிலிருந்து, பிள்ளைகளை வீடுகளில் சேர்த்துவிடும் லோகப்பிரியா காரோடு வந்தாள். தமிழ்வேந்தனே பெட்டிகளைத் தூக்கி வைத்தான். மார்த்தா காரில் ஏறாமல் வீட்டுக்குள் திரும்பிப் போய், முன்னறையில் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டாள்.

"நான் போகல. நான் போனா அக்காவுக்கு அடி விழும். நான் இங்க இருந்தா விழாது."

லோகப்பிரியா பின்னாலேயே வந்து தமிழ்வேந்தனைப் பார்த்தாள். தமிழ்வேந்தன் சிரித்தான். "சின்னப் புள்ளைங்க, ஊட்டைப் பிரிய மனசில்லாம ஒளறுது. எந்திரி கண்ணு, நேரமாச்சு."

"பொய்," என்றாள் மார்த்தா. "அக்கா விரலை உடைச்சது நீங்க."

அவன் முகத்திலிருந்த சிரிப்பு அறுந்து விழுந்தது. திரும்பி மெர்சியின் கன்னத்தில் விட்ட அறையில் அவள் நிலைக்கதவில் போய் மோதினாள். "சொல்லிக் குடுத்துட்டியாடி?" வயிற்றில் ஓர் உதை. தலைமயிரைப் பிடித்து நெற்றியைச் சுவரில் இடித்தான், மறுபடியும் இடித்தான். ரத்தம் புருவத்தில் இறங்கியது. மார்த்தா ஓடிவந்து அவன் கையில் தொங்கினாள். அவன் உதறிவிட்டு அந்தப் பிள்ளையை நோக்கிக் கையை ஓங்கினான்.

இத்தனை வருஷம் எல்லாவற்றையும் வாங்கிக்கொண்ட மெர்சியால் அதை மட்டும் பார்க்க முடியவில்லை. அலமாரியில், கம்பெனியில் காயிலைத் தட்டி உட்கார வைக்கிற அவளுடைய மரச்சுத்தி கிடந்தது. எடுத்தாள். ஓங்கிய கையின் மணிக்கட்டில் பலங்கொண்ட மட்டும் ஒரே போடு போட்டாள். இந்தத் தடவை அவன் எலும்பு. அவன் முட்டிபோட்டு விழுந்து, தெருவே அதிரக் கத்தினான்.

கத்திய வாய் மூடும் முன்னே எதிர்வீட்டுக் கதவு திறந்தது. பக்கத்து வீடு, மாடி வீடு, மூலைக் கடை என்று ஆள் மேல் ஆளாக ஓடிவந்தார்கள். பக்கத்து வீட்டுப் பொன்னாத்தாள் நெஞ்சில் அடித்துக்கொண்டாள்.

"என்ன அம்மணி இது! கட்டுன புருசனைப் போய் அடிப்பாங்களா?"

மெர்சி நெற்றி ரத்தத்தைத் துடைத்துக்கொண்டு ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள். பத்தொன்பது வருஷம் அவள் இந்தச் சுவருக்குள் கத்தியிருக்கிறாள். ஒரு கதவு, ஒரு ஜன்னல் திறந்ததில்லை.

"உங்களுக்கெல்லாம் காது கேக்குதுங்களா?" என்றாள். "நான் கேக்காதுன்னுல்ல நெனச்சிருந்தேன்."

மார்த்தாவின் கையைப் பிடித்துக்கொண்டு மெர்சி காரில் ஏறினாள்.

"மொதல்ல போலீஸ் ஸ்டேசனுக்குப் போலாங்க," என்றாள் லோகப்பிரியாவிடம். "நடந்ததை நானே சொல்றேன்."