தாடைக்கு அடியில் ஒரு வீக்கம்

எங்கள் பசுவின் தாடைக்கு அடியில் இருந்த வீக்கத்தை முதலில் பார்த்தவன் நான். அதற்குக் காரணமும் நான்தான் என்று நம்பினேன்.

எங்கள் தீவு ஊரான சௌல்தாரியில் நெல் அறுப்பு முடிந்ததும் மாடுகளைப் பள்ளத்து வயலில் மேயவிடுவோம். கணுக்கால் தண்ணீரில் புல் பச்சைப்பசேலென்று நிற்கும். ஒரு மாலை வீடு திரும்ப மறுத்த பசுவைக் கல்லால் அடித்தேன். கல் முகத்தில் பட்டது. சில நாட்களில் தாடைக்கு அடியில் தண்ணீர்ப்பை போல ஏதோ தொங்கியது.

பக்கத்து வீட்டு வங்காளி அக்கா, நாங்கள் தீதி என்று கூப்பிடுபவள், பார்த்துவிட்டாள்.

"அரே முன்னா, உன் மாட்டுக்குத் தாடி முளைக்குதா? அப்பாகிட்ட சொல்லு."

அப்பா ஃபீனிக்ஸ் பே படகு ஜெட்டியில் வேலை முடித்து இருட்டிய பிறகுதான் வருவார். அம்மா கண்ணிலும் படாதபடி நானும் இருட்டிய பிறகே மாட்டை ஓட்டி வந்தேன். விடிந்து பார்த்தால் வீக்கம் வடிந்திருக்கும். மாதா என் செபத்தைக் கேட்டுவிட்டாள் என்று நினைப்பேன். குனிந்து மேய்ந்ததும் சாயங்காலம் மறுபடி தொங்கும். விரலால் அழுத்தினால் குழி அப்படியே நிற்கும்.

தீதி அம்மாவிடம் சொல்லிவிட்டாள். மறுநாள் காலை அப்பா தாடையைத் தடவிப் பார்த்தார்.

"ஒண்ணும் காணோமே. நெசமாவே வீங்குச்சாடா? மாட்டு டாக்டர் சாபைக் கூட்டியாரட்டா?"

"இல்லப்பா. தீதி சும்மா கேலி பண்ணுச்சு."

பசு நீராய்க் கழிந்தது, எலும்பு தெரிய இளைத்தது, பால் வற்றியது, அதன் கன்றுக்குக்கூட மிஞ்சவில்லை. கைக்குழந்தையான தங்கைக்கு அம்மா கறந்த கொஞ்சப் பாலில் தண்ணீர் கலந்து புகட்டினாள். நான் அப்போதும் இருட்டிய பிறகே மாட்டை ஓட்டி வந்தேன். ஒரு காலை அது எழுந்திருக்கவில்லை. டாக்டர் வந்து சேர்வதற்குள் உயிர் போய்விட்டது.

அவர் பசுவின் வயிற்றைக் கிழித்துக் கல்லீரலை வெட்டிக் காட்டினார். உள்ளே இலை இலையாகத் தட்டைப் புழுக்கள்.

"இதுதான் கொன்னது. தாடை வீங்கியிருக்குமே, யாரும் பாக்கலியா? அப்பவே மருந்து குடுத்திருக்கலாம்."

"இல்ல சாப். என் பையன்தான் மேய்ப்பான். வீங்கினா அவன் சொல்லியிருப்பான்" என்றார் அப்பா.

என் காதில் விழுந்தது புழு என்ற ஒரு சொல்தான். கல் இல்லை, புழு. நெஞ்சிலிருந்து பாரம் இறங்கியது. டாக்டர், நத்தையிலிருந்து பள்ளத்துப் புல்லில் ஒட்டி வரும் புழு என்று ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார். நான் நிற்கவில்லை. தாயில்லாத கன்றுக்கு இனி நான்தான் என்று அரிவாளை எடுத்துக்கொண்டு ஓடினேன். அதே பள்ளத்து வயல் தண்ணீரில் இறங்கி, இருப்பதிலேயே பசுமையான புல்லாகப் பார்த்து அறுத்து வந்து அதன் முன்னால் போட்டேன்.

கன்று ஆவலாகத் தின்றது. நான் பக்கத்தில் உட்கார்ந்து, பல நாட்களுக்குப் பிறகு, பயமில்லாமல் பார்த்துக்கொண்டிருந்தேன்.