தங்கம்மை வீட்டுக் கம்பு

மரச்சீனி என்கிற மரவள்ளியின் இலையைப் பறித்துக் கவரில் போடுவதுதான் என் உத்தியோகம் என்று சொன்னால், அதற்குச் சம்பளமா என்று கேட்பார்கள். அந்த இலையிலிருந்து மரபணு எடுத்து, எந்த இனம் எதிலிருந்து எவ்வளவு வேறு என்று எங்கள் ஆராய்ச்சி நிலையத்தில் பார்ப்பார்கள். நோய் தாங்கும் புது ரகத்தை உருவாக்க அது வேண்டும். வெயிலில் வீடு வீடாக ஏறி இறங்கும் பிழைப்புள்ளவர்களுக்கு மீதி தானே புரியும்.

பெயர்

பாறசாலைப் பக்கம் ஒரு தோட்டத்தில் இனத்தின் பெயரைக் கேட்டேன். "தாசு வீட்டுக் கம்பு" என்றார்கள். மரச்சீனியின் தண்டை வெட்டி நடுவார்கள், அதுதான் கம்பு. தாசு வீட்டில் கேட்டால் அது "கோயிலடிக் கம்பு". கோயிலடிக்காரர் சர்ச் பக்கம் கைகாட்டினார். கம்பு கேட்டு வந்தவரை இங்கே யாரும் வெறுங்கையோடு அனுப்புவதில்லை. கொடுத்த வீடே பெயராகிவிடும். கவரில் எதை எழுத என்று ஆய்வகத்துச் சுனிலுக்குப் போன் செய்தேன்.

"அண்ணா, எடம் உள்ளது வரைக்கும் எழுதுங்க. பாக்கியை இலை சொல்லும்."

கேஸ்

காஞ்சிரங்குளத்தில் சுற்றிலும் இலைகள் மஞ்சளாகிச் சுருண்டு கிடந்தன. தங்கம்மையின் தோட்டத்தில் மட்டும் ஒரு மூடு மரச்சீனி பச்சையாக நின்றது. மற்ற செடிகளையெல்லாம் பெருச்சாளி தின்றுவிட்டது. அவர் தூக்குப்பாத்திரத்தோடு காரக்கோணம் ஆஸ்பத்திரிக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார். கணவர் செல்லையன் அங்கே படுக்கையில். இலையைப் பறித்துக்கொண்டு செடியில் நீலத் துணி கட்டினேன். கம்பு முற்றியதும் வருகிறேன், அதுவரை பிடுங்க வேண்டாம் என்றேன். மரபணு சோதனை பற்றியும் சொன்னேன்.

"அப்பன் ஆருண்ணு பாக்கப்பட்ட டெஸ்டாக்கும், இல்லியா? மக்கா, மரச்சீனி மேலயும் கேஸு போட்டாச்சா?"

விருந்து

அந்த இலை எங்களிடம் உள்ள எந்த இனத்தோடும் சேரவில்லை. "கம்பு வேணும், ஓடுங்க" என்றான் சுனில். ஓடினேன். நீலத் துணி துவைத்துக் கொடியில் காய்ந்துகொண்டிருந்தது. வீட்டுக்குள் செல்லையன், எலும்பும் தோலுமாக, அவித்த கிழங்கும் மீன்குழம்பும் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். எனக்கும் ஒரு தட்டு வந்தது. கேட்காமலே விஷயம் விளங்கியது.

"ஆஸ்பத்திரியில ஒரு வாய் கஞ்சி எறங்கல்ல சாரே. வந்த உடனே கிழங்கு கேட்டாரு. வேற என்ன உண்டு எனக்க கையில?" என்றார் தங்கம்மை. கம்பு? கேட்டவர்களுக்கெல்லாம் கொடுத்தாயிற்று. யார் யாருக்கு என்பது நினைவில்லை. ஆஸ்பத்திரி அலைச்சலில் அவருக்கு எதுதான் நினைவிருக்கும்? கோபப்பட வாயெடுத்தேன். செல்லையன் தட்டை வழித்தபடி நிமிர்ந்து பார்த்தார்.

"மக்கா, மொதல்ல தின்னு. கம்பு எங்கயும் போகாது."

தேடல்

மறுநாள் முதல் வீடு வீடாக, புதிதாக நட்டது யார் வீட்டுக் கம்பு என்று கேட்டுக்கொண்டே நடந்தேன். என்னைப் படாதபாடு படுத்திய அந்தப் பெயர் வைக்கும் வழக்கத்தைத் தவிர எனக்கு வேறு துணை இல்லை. கடைசியில் கோட்டுகாலில், நட்டது போக மிச்சம் மாமர நிழலில் சாய்த்து வைத்திருந்தது. வீட்டுக்காரி எனக்கும் எடுத்துத் தந்தாள்.

"இது தங்கம்மை வீட்டுக் கம்பாக்கும். கஞ்சி எறங்காத செல்லையனுக்கு வாய் தெறந்தது இதிலதான், கேட்டியளா?"

கவரில் அந்தப் பெயரையே எழுதினேன். நாங்கள் பெருக்கித் திருப்பிக் கொடுத்த கம்பைச் செல்லையனே மண் கூட்டி நட்டுவிட்டார், ஆனால் அதன் பெயர் கேட்டவர்களிடம் தங்கம்மை "சாரு தந்த கம்பு" என்று சொல்வதால், இனி அடுத்து வருகிறவனுக்கும் இலைதான் துணை.