தனி அடுப்பு

கல்யாணமாகி எட்டாவது மாதம் இருளம்மாளின் புருஷன் திருப்பூருக்கு வேலைக்குப் போனான். திரும்பி வரவில்லை. முப்பத்திரண்டு வருடம் ஆகிறது. தாலியைக் கழற்றினால் குற்றம், பூ வைத்தால் குற்றம் என்று ஊர் அவளைக் காவல் காத்தது. ஓடியவனைத் தேடிப் போய்க் கேட்க ஒரு பெரிய மனுஷனும் கிளம்பவில்லை.

கூடலூரில் விடியுமுன் ஜீப் ஏறி, குமுளிக்கு மேலே ஏலத்தோட்டத்தில் காய் எடுத்துவிட்டுப் பொழுதுசாய இறங்குவாள். ஒற்றை அறை வீடு. பூட்டைத் திறந்ததும் ரேடியோவைப் போட்டுவிடுவாள். உள்ளே ஆள் இருப்பதாகத் தெருவுக்குத் தோன்ற வேண்டும். ஜீப்பில் யாராவது கேட்டால், "தம்பி வீட்லதான் இருக்கேன்" என்பாள்.

தம்பி கோட்டைச்சாமியின் வீடு அடுத்த தெரு. ரேஷன் அட்டையில் அவள் பெயர் அங்கேதான் இருந்தது. எந்த மனுவுக்கும் அட்டையை வாங்க அவன் வாசலில் நிற்க வேண்டும். நின்று நின்று சலித்து, ஐம்பத்தொன்றாம் வயதில் தன் பேருக்குத் தனி அட்டை கேட்டு எழுதிப் போட்டாள். புருஷன் போனதற்குச் சாட்சி கேட்டார்கள். ஓடியவனை விட்டுவிட்டு இருப்பவளை விசாரிப்பதுதான் இந்த நாட்டில் நியாயம். தனி அடுப்பு இருக்கிறதா என்று பார்க்க அதிகாரி வருவார் என்றார்கள்.

அவர் வந்த அன்று கோட்டைச்சாமியும் அவன் மனைவி பவுனும் ஓடி வந்தார்கள். பவுனு கையில் குழம்புச் சட்டி.

"மதினி இங்கன படுக்கத்தான் சார் வருவாக. சோறு தண்ணியெல்லாம் நம்ம வீட்லதான்."

"கூடப்பிறந்தவள அநாதையா விடுவமா சார்? நாங்க என்ன செத்தா போயிட்டோம்?" என்றான் கோட்டைச்சாமி.

கெட்ட எண்ணம் இல்லை. அக்காவைத் தனியே விட்டவன் என்ற பேர் வந்துவிடக் கூடாது, அவ்வளவுதான்.

"அப்புறம் எதுக்கும்மா தனி கார்டு?" அதிகாரி பேனாவை மூடினார்.

கூட ஜீப்பில் வரும் பாண்டீஸ்வரி வாசலிலிருந்து எட்டிப் பார்த்தாள். "தம்பி வீட்லதான்னு அவளே சொல்லுவாளே சார்!"

இருளம்மாள் அதிகாரிக்கு முன்னால் வந்தாள். தெருவே நின்றிருந்தது.

"பொய் சொன்னேன். முப்பத்திரண்டு வருசமா நாந்தான் பொங்குறேன், நாந்தான் திங்கிறேன். காய்ச்சல்ல கெடந்தா தண்ணி மோந்து குடுக்க ஆளில்ல. ரேடியோ பாடுறதே ஆள் இருக்குன்னு காட்டத்தான். நான் தனியாத்தான் சார் இருக்கேன். எழுதிக்கங்க."

"அக்கா, தெருவுல வச்சு எங்க மானத்த…"

"நீ நல்லவந்தான்டா தம்பி. அதுக்காக உன் வீட்ல நான் இருந்ததா ஆயிருமா?"

அதிகாரி எழுதினார்.

மூன்று மாதத்தில் அட்டை வந்தது. அதில் ஒரே பெயர். தம்பி வீட்டில் பேச்சு நின்றுவிட்டது.

தை மாதம் முதன்முறையாகத் தன் வாசலில் தானே பொங்கல் வைத்தாள். வெல்லம் கூடிப்போனதோ என்று சந்தேகம். கேட்க ஆளில்லை. ஒரு வாய் போட்டுப் பார்த்தாள். கூடத்தான் போயிருந்தது. பரவாயில்லை என்று இன்னொரு கரண்டி போட்டுக்கொண்டாள்.