கடவுச்சொல்லைக் காட்டிய நாள்

எங்கள் டெல்லி கரோல் பாக் வீட்டில் புதிதாக எது வந்தாலும் பிரித்து மாட்டுவது நான்தான். என் கணவர் அட்டைப்பெட்டியின் நான்கு பக்கத்தையும் படித்து முடிக்கும்வரை காத்திருக்க எனக்குப் பொறுமை கிடையாது.

கணினிக்குப் புதிய இயங்குதளம் போட்டதும் அப்படித்தான். பழைய கணக்கு, கடவுச்சொல், கோப்புகள் எல்லாம் அப்படியே இருக்கும் என்று திரையே சொன்னது. நடுவில் எந்த மொழி, எந்த விசைப்பலகை என்று கேட்டது. டெல்லியில் பிறந்த என் மகன் தமிழ் படிக்கவே மாட்டான். வீட்டில் இந்தக் கணினியாவது படிக்கட்டுமே என்று எல்லாவற்றுக்கும் தமிழைத் தேர்ந்தெடுத்தேன். பெருமையாகவே இருந்தது.

மறுபடி எழுந்த கணினி கடவுச்சொல் கேட்டது. கொடுத்தேன். தவறு என்றது. மெதுவாக அடித்தேன், ஓங்கி அடித்தேன், திட்டிக்கொண்டே அடித்தேன். அதே பதில்தான். இந்தியிலிருந்து நான் மொழிபெயர்த்த நாவல் உள்ளே இருந்தது. அன்று மாலை அது சென்னைப் பதிப்பாளருக்குப் போயாக வேண்டும். இன்னொரு பிரதி எடுத்து வைக்கும் பழக்கம் என்னைப் போன்ற அவசரக்காரிக்கு ஏது?

குர்கானில் ஐ.டி. வேலையில் இருக்கும் மகனைக் கூப்பிட்டேன். எல்லாவற்றையும் அழித்துவிட்டு மறுபடி போடு, ஜல்தி முடிந்துவிடும் என்றான். நாவலும் சேர்ந்து போய்விடுமே என்று போனில் கத்தினேன்.

கணவர் என்னிடமிருந்து போனை வாங்கினார். "என்ன தப்புன்னே தெரியாம எதுக்குடா அழிக்கணும்?" என்று கேட்டுவிட்டு வைத்தார்.

மத்திய அரசு அலுவலகத்தில் கோப்பு பார்த்தே ஓய்வு பெற்றவர் அவர். கண்ணால் பார்க்காத காகிதத்தில் கையெழுத்துப் போட்டதில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, நீ அடிப்பது வெறும் புள்ளியாகத்தானே வருகிறது, சரியாக வருகிறதென்று எப்படித் தெரியும் என்றார். கட்டத்தின் ஓரத்தில் கண் மாதிரி ஒரு படம் இருந்தது. அதை அழுத்தினால் எழுத்து தெரியும். நான் முடியாது என்றேன். கடவுச்சொல்லை யாருக்கும் காட்டக்கூடாது என்று பாங்கில்கூடச் சொல்கிறார்களே என்று வாதாடினேன். அவர் வற்புறுத்தவில்லை, நாற்காலியை விட்டு எழுந்திருக்கவும் இல்லை. வெயில் இறங்கிக்கொண்டிருந்தது. நாவலை நினைத்துக்கொண்டு, வேறு வழியில்லாமல் நானே அழுத்தினேன்.

நான் அடித்தது ஆங்கில எழுத்து. திரையில் இருந்தது தலையும் வாலும் இல்லாத தமிழ்.

அவர் விசைப்பலகையையும் திரையையும் மாறி மாறிப் பார்த்தார். "அச்சா. நீ கேட்ட தமிழைத்தான் அது குடுக்குது" என்று திரையின் மூலையில் இருந்த மொழிக்குறியை ஆங்கிலத்துக்கு மாற்றினார். குரலில் ஒரு குத்தலும் இல்லை. இந்த மனிதரின் நிதானத்தை நான் உள்ளூர வியக்காத நாளே இல்லை, வாய்விட்டுச் சொன்னதுதான் இல்லை.

சந்தோஷத்தில் அந்தக் கண் படத்தை மறுபடி அழுத்தி மறைக்க மறந்துவிட்டேன். கடவுச்சொல்லை அடிக்க அடிக்க ஆங்கில எழுத்துகள் ஒவ்வொன்றாக வந்து நின்றன. கூட்டிப் படித்தால், 'என் ஆமை.'

எதையும் படிப்பதுபோல அதையும் அவர் நிறுத்தி நிதானமாகப் படித்தார். "இத்தனை வருஷமா தினம் இதைத்தான் அடிக்கிறியா?"

ஆமாம் என்று தலையாட்டினேன். முகம் சுட்டது.

என் விரல் போவதற்குள் அவர் கை நீட்டி என்டரைத் தட்டிவிட்டார். அவர் என்னை முந்திக்கொண்டு எதையாவது செய்து நான் பார்த்தது அன்றைக்குத்தான்.