தப்பு நம்பரைத் திருத்தியவன்

ஜெயவேலுக்குத் தப்பான நம்பரைக் கண்டால் கை சும்மா இருக்காது. எங்கள் தெருக் கல்யாணம் ஒன்றில், மண்டப வாசல் பேனரில் போட்டிருந்த செல் நம்பரில் ஒன்பது இலக்கம்தான் இருந்தது. என்னிடம் பேனா வாங்கிக்கொண்டு போய், மாப்பிள்ளையின் சித்தப்பாவைத் தேடிப் பிடித்து விசாரித்து, விட்டுப்போன இலக்கத்தை எழுதிவிட்டுத்தான் பந்திக்கு வந்தான். அதற்குள் பிரியாணியில் கறி காலி. குஸ்காவும் கத்தரிக்காயும் தின்றுவிட்டு எழுந்தவனைப் பார்த்து நாங்கள் எல்லாரும் விழுந்து விழுந்து சிரித்தோம்.

அந்தக் குணம்தான் பிற்பாடு பன்னிரண்டு பேர் பிழைப்புக்கு உலை வைத்தது. ஆனால் பழியை அவன் தலையில் மட்டும் கட்ட எனக்கு வாய் வரவில்லை. ஏன் என்பதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

என் பெயர் தேவப்பிரியம். தண்டையார்பேட்டையில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். அதற்கு முன்னால் பதினோரு வருஷம் திருவொற்றியூர் பக்கத்தில் ஒரு கண்டெய்னர் யார்டில், கேட் பாஸ் கொடுக்கிற கூண்டில் உட்கார்ந்திருந்தேன். துறைமுகத்துக்குப் போகிற பெட்டிகளும் அங்கிருந்து வருகிற பெட்டிகளும் அந்த யார்டில்தான் தங்கிப் போகும். லாரி கேட்டில் நின்றதும் ஓர் ஆள் பெட்டியைச் சுற்றிவந்து அதன் நம்பரைக் கூவ வேண்டும். நாலு எழுத்து, ஏழு இலக்கம். இன்னோர் ஆள் அதைத் திருப்பிச் சொல்லிக்கொண்டே எழுதுவான். இரண்டு வாயும் ஒத்துப்போனால்தான் நான் பாஸ் அடிப்பேன். எங்கள் ஷிஃப்டில் கூவுகிறவன் மஜீது, திருப்பிச் சொல்கிறவன் ஜெயவேல். பதினாலு வருஷ ஜோடி.

மஜீது வண்ணாரப்பேட்டைக்காரன். கொட்டுகிற மழையில், என்ஜின் இரைச்சலுக்கு நடுவில் அவன் கூவினாலும் ரோட்டுக்கு அந்தப் பக்கம் டீக்கடையில் கேட்கும். துரு தின்ற பெட்டி வந்து, மூன்றா எட்டா என்று அவன் தயங்கினால் ஜெயவேல் எழுந்து வருவான். தலையைச் சாய்த்து ஒரு பார்வை. "எட்டு மாமு. லெஃப்ட்ல பெயிண்டு உரிஞ்சிகீது, அவ்ளோதான்" என்பான். அவன் சொல்லி ஒரு நம்பர் தப்பியதாக எனக்கு நினைவில்லை.

ஒரு லாரிக்கு நாலு நிமிஷம் ஆகும். அதனால் எண்ணூர் ரோட்டில் எப்போதும் லாரி வரிசை. என்ஜினை அணைக்காமல் நிற்பார்கள். ஜெயவேலின் வீடு அந்த ரோட்டுக்கு இரண்டு தெரு உள்ளே. அவன் மகள் மகிழினிக்கு அப்போது ஒன்பது வயது. பள்ளிக்கூடப் பையில் பென்சில் பெட்டிக்குப் பக்கத்தில் இழுப்புக்கு அடிக்கிற பம்பு இருக்கும். மாதத்துக்கு இரண்டு தடவையாவது ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடுவான். மறுநாள் சிவந்த கண்ணோடு வந்து உட்கார்ந்து, ஒரு நம்பர் பிசகாமல் எழுதுவான்.

போன வருஷத்துக்கு முந்தின வருஷம், கேட்டில் வளைவு மாதிரி இரும்பு கட்டி நாலு பக்கமும் கேமரா பொருத்தினார்கள். லாரி அதற்குள் நுழைந்து வெளியே வருவதற்குள் கேமரா நம்பரைப் படித்துவிடுமாம். மழைக்காலம் வந்தது, அதன் லட்சணம் தெரிந்தது. சேறு தெறித்த பெட்டியில் ஐந்தை ஆறு என்றது. துருவைப் பார்த்து எழுத்து என்றது. நிர்வாகத்தில் ஜெயவேலைக் கூப்பிட்டு, ஒரு திரைக்கு முன்னால் உட்காரவைத்து, "மெஷின் எங்கெல்லாம் தப்பு பண்ணுதோ, சரியான நம்பரைப் போட்டு வைங்க. மேலிடத்துக்கு ரிப்போர்ட் போகணும்" என்றார்கள்.

ரிப்போர்ட் என்றால் எங்களுக்குத் தெரிந்தது ஒன்றே ஒன்றுதான். ஒருவன் மேல் ரிப்போர்ட் போனால் அவனுக்குச் சீட்டு கிழியும். மெஷினுக்கும் அப்படித்தான் என்று நினைத்தோம். ஜெயவேல் குறித்துத் தள்ளினான். ஷிஃப்ட் முடிகிற நேரத்தில் மஜீது ஜன்னலில் தலையை நீட்டிக் கேட்பான்.

"இன்னிக்கு எத்தினி மாமு?"

"இருநூத்திப் பன்னெண்டு!"

"அப்படிப் போடு! இன்னும் ரெண்டு மாசத்துல இத்த மூட்டை கட்டிக்கினு போயிடுவானுங்க பாரு."

டீ வரும். நானும் குடித்தேன். போதாததற்கு நாங்களே ஓடி ஓடிப் போய், "அந்தச் செவப்புப் பொட்டிய வுட்டுட்டியே, அதுவும் தப்பு" என்று எடுத்துக் கொடுத்தோம். சொந்தக் காசில் சூனியம் வைத்துக்கொள்வது என்பார்களே, நாங்கள் டீ வாங்கிக் கொடுத்து வைத்துக்கொண்டோம்.

அவன் திருத்த ஆரம்பித்த எட்டாவது மாதம் பன்னிரண்டு பேரை வீட்டுக்கு அனுப்பினார்கள், மஜீதையும் என்னையும் சேர்த்து. திரைக்கு முன்னால் ஓர் ஆள் போதுமென்று ஜெயவேலை மட்டும் வைத்துக்கொண்டார்கள். மஜீது அவன் மேல் கோபப்படவில்லை. "ஒருத்தனாச்சும் உள்ள கீறானே" என்றான். தேரடியிலிருந்து ஷேர் ஆட்டோ ஓட்ட ஆரம்பித்தான். ஜெயவேல் ரோட்டில் நின்றால், முன்சீட்டில் தன் பக்கத்தில் உட்காரவைத்துத்தான் கூட்டிக்கொண்டு போவான்.

இந்த வருஷம் யார்டைப் பெரிதாக்கப் போகிறோம், பக்கத்து உப்பள நிலத்தை எடுக்கப் போகிறோம், எல்லாக் கிரேனும் ஆள் இல்லாமல் கரண்டில் ஓடும் என்று அறிவிப்பு வந்தது. சட்டப்படி மக்கள் கருத்துக் கேட்புக் கூட்டம் நடத்த வேண்டும். எங்கள் பன்னிரண்டு பேருக்கு அதுதான் கடைசிக் கதவு. நான் மனு எழுதினேன். அதில் முக்கியமான வரி: மழையிலும் துருவிலும் கேமரா தப்பாகப் படிக்கிறது, ஆகவே கேட்டில் மனிதக் கண் வேண்டும், நீக்கிய பன்னிரண்டு பேரையும் திரும்ப எடுக்க வேண்டும்.

கூட்டத்துக்கு இரண்டு நாள் முன்னால், மனு முந்நூறு பிரதி ஓடிக்கொண்டிருந்தபோது ஜெயவேல் கடைக்கு வந்தான். ஒரு பிரதியை எடுத்து நின்றபடியே படித்தான். அவன் விரல் அந்த வரியில் நின்றது.

"தேவாக்கா, இந்த வரி..."

"இன்னா, எழுத்துப் பிழையா?"

"அது இல்லக்கா. அந்த மெஷினைப் பத்தி ஒண்ணு சொல்லணும்."

"ஜெயவேலு, இருநூறு காப்பி ஓடிப்போச்சு. இப்ப வந்து கரெக்ஷன் சொல்லிக்கினு நிக்காத. எதுனாலும் மீட்டிங்ல வந்து சொல்லு."

 அவன் அந்தத் தாளை நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு போய்விட்டான். அவன் முகத்தைப் பார்த்ததுமே எனக்கு ஏதோ உறுத்தியது. அது என்னவென்று தெரிந்துகொள்ள எனக்கு விருப்பமில்லை. தெரிந்தால் மனுவை மாற்ற வேண்டியிருக்கும். அன்று சாயங்காலமே மஜீதைக் கூப்பிட்டு, "நீ பேசி முடிச்சதும் மைக்ல ஜெயவேலைக் கூப்புடு. உள்ள இருக்கிற ஆளே சொன்னா எடுபடும்" என்று யோசனை சொன்னதும் நான்தான்.

கூட்டம் திருவொற்றியூரில் ஒரு கல்யாண மண்டபத்தில். மணமக்கள் உட்காருகிற மேடையில் அதிகாரிகள் உட்கார்ந்திருந்தார்கள். பின்னால் யாரோ விட்டுப்போன தெர்மாகோல் மயில். ஒவ்வொருவர் பேசி முடித்ததும் பெரிய அதிகாரி, "உங்கள் கருத்து பதிவு செய்யப்பட்டது" என்றார். நல்லதோ கெட்டதோ, அழுதாலும் திட்டினாலும் அதே வரிதான். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

கம்பெனிக்காரர் படம் போட்டுக் காட்டினார். டீசல் புகை குறையும், பூமி சூடாவது குறையும், வருங்காலம் இதுதான் என்றார். நண்டு விற்கிற குணசுந்தரி எழுந்து, "பூமி சூட்டை நீ அப்பால கொறை. உப்பளத்துல மண்ணைக் கொட்டிட்டா மயைத்தண்ணி எங்க போவும்? என் வூட்டுக்குத்தானே வரும்?" என்று கேட்டாள். கைதட்டல். ஓய்வுபெற்ற வாத்தியார் ஒருவர், கடல் மட்டம் ஏறிக்கொண்டிருக்கிறது, ஊரே இருக்குமா என்று தெரியாதபோது வேலையைப் பற்றி மட்டும் பேசுகிறீர்களே என்றார். ஊர் போகும்போது போகட்டும், இன்றைக்கு அடுப்பு எரிய வேண்டுமே என்று எனக்கு அவர் மேலும் எரிச்சல். இப்போது யோசித்தால் மூன்று பேர் சொன்னதிலும் உண்மை இருந்தது. அன்றைக்கு எனக்கு என் மனு மட்டும்தான் உண்மை.

மஜீது பேசினான். அவனுக்கு மைக்கே தேவையில்லை. "அந்த மெஷினு ஒரு நாளிக்கு இருநூறு தப்பு பண்ணும் சார். நான் சொல்றது கப்சான்னு நெனைச்சா, அதும் முன்னாடியே உக்காந்துகினு கீற ஆளு இங்க கீறான். எந்திரி மாமு! எத்தினி தப்புன்னு நீயே சொல்லு!"

மண்டபம் முழுக்கத் திரும்பிப் பார்த்தது. ஜெயவேல் எழுந்தான். சட்டைப்பையிலிருந்து மனுவை எடுத்துப் பிரித்தான்.  ஒரு பொய் போதும். இருநூறு என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தால் பன்னிரண்டு வீட்டில் அவனைத் தெய்வமாகக் கும்பிடுவோம். சொல்லிவிடு, சொல்லிவிடு என்று நான் உள்ளுக்குள் வேண்டிக்கொண்டேன்.

"தப்பு இல்ல சார்" என்றான் ஜெயவேல்.

"இன்னா மாமு?"

"இப்ப தப்பு வர்றதில்ல. மூணு நாளிக்கு ஒண்ணு வந்தா பெருசு. மொதல்ல இருநூறு வந்துச்சு. நான் திருத்தத் திருத்த அது கத்துக்கிச்சு. நான்தான் கத்துக்குடுத்தேன்."

மஜீது சிரிக்கப் பார்த்தான். "தெரியாம பண்ணதுக்கு இன்னா மாமு..."

"நாலாவது மாசமே தெரியும்." அவன் குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல் வந்தது. "பெயிண்டு உரிஞ்ச எட்ட, எட்டுன்னே படிச்சிச்சு. கேட்டேன். எல்லாம் உங்க பாடம்தாண்ணேன்னு கேமரா மாட்டுன எஞ்சினீயர் பொண்ணு சொல்லிச்சு. அன்னிக்கே நிறுத்தியிருக்கணும். வேணும்னே தப்பா போட்டிருக்கணும். போட வரல. ஒருத்தனை வச்சுக்குவோம்னாங்க. அது நானா இருக்கணும்னு ஆசைப்பட்டேன். இன்னொண்ணையும் சொல்லிடுறேன். கேட்டுல லாரி நிக்கிறதில்ல இப்ப. ஆறு மாசமா என் பொண்ணுக்கு இழுப்பு வரல."

  கம்பெனிக்காரர் ஏதோ குறித்துக்கொண்டார். அதிகாரி தொண்டையைச் செருமி, "உங்கள் கருத்து பதிவு செய்யப்பட்டது" என்றார்.

மஜீது அவனைத் திட்டவில்லை. கையில் இருந்த மைக்கை அதைக் கொண்டுவந்து கொடுத்தவரிடமே ஒப்படைத்துவிட்டு, செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டு வெளியே போனான். எங்களில் மற்றவர்கள் வாசலில் ஜெயவேலைச் சூழ்ந்துகொண்டு வாய்க்கு வந்தபடி கேட்டார்கள். சோத்துல மண்ணைப் போட்டவனே என்றார்கள்.  அவன் இரண்டு தடவை என் பக்கம் பார்த்தான். 'இவன் ரெண்டு நாள் முன்னாடியே என்கிட்ட சொல்ல வந்தான், நான்தான் வாயை அடைச்சேன்' என்று ஒரு வார்த்தை சொல்ல எனக்கு எவ்வளவு நேரம் ஆகும்? மிச்சமிருந்த மனுக் காப்பிகள் என் கைப்பையில் கனத்தன. நான் அதைத் தோளில் மாட்டிக்கொண்டு பஸ்ஸுக்குப் போனேன்.

யார்டு விஷயம் இன்னும் முடிவாகவில்லை. எங்கள் மனு முடிந்துபோயிற்று. உங்கள் ஆளே சொல்லிவிட்டாரே என்று அதிகாரிகள் கேட்கிறார்கள். ஜெயவேல் இன்னும் அந்தத் திரைக்கு முன்னால்தான் உட்கார்ந்திருக்கிறானாம். திருத்த நம்பர் வருவதில்லை. நாள் முழுக்கக் கையைக் கட்டிக்கொண்டு சரியான நம்பர்களைப் பார்த்துக்கொண்டிருக்கிறான். அவனுக்கு அதைவிடப் பெரிய தண்டனையை எந்த அதிகாரியாலும் கொடுக்க முடியாது.

போன வாரம் தேரடியில் மஜீதின் ஷேர் ஆட்டோவில் ஏறினேன். பின்சீட்டில் நானும் இரண்டு பேரும். முன்சீட்டில், மஜீதுக்குப் பக்கத்தில் இடம் இருந்தது. கொஞ்ச தூரத்தில் ஜெயவேல் நின்றுகொண்டிருந்தான். கை காட்டவில்லை. மஜீது தானாகவே வண்டியை நிறுத்தினான். எனக்கு மனசு லேசானது. பதினாலு வருஷம் அவ்வளவு சீக்கிரம் விட்டுப்போய்விடுமா?

மஜீது ரோட்டைப் பார்த்தபடியே, "சார், எங்க எறங்கணும்?" என்று கேட்டான்.

ஜெயவேல் காலியாக இருந்த முன்சீட்டைப் பார்த்தான். "டோல்கேட்" என்றான். பின்னால் வந்து என் பக்கத்தில் ஒடுங்கி உட்கார்ந்தான்.

மஜீது வழக்கம்போல ரோட்டோரத்து ஆட்களைப் பார்த்துக் கூவினான்: "டோல்கேட், டோல்கேட், தண்டையார்பேட்டை!" அதே தொண்டை. என் பக்கத்தில் ஜெயவேலின் உதடு, கூவியதைத் திருப்பிச் சொல்ல அசைந்தது. சத்தம் வரவில்லை. அவன் கையால் வாயைத் துடைத்துக்கொண்டான்.

அப்போதாவது நான் சொல்லியிருக்கலாம். மஜீதின் முதுகு எனக்கு ஒரு முழம் தூரத்தில்தான் இருந்தது. டோல்கேட் வந்தது, ஜெயவேல் இறங்கிப் போனான். தண்டையார்பேட்டை வந்தது. "வர்றேன் மஜீது" என்றேன்.

"பாத்துப் போக்கா. நீ எங்களுக்காக எவ்ளோ பண்ணே" என்றான் மஜீது.