அந்தத் தீவில் இறங்கலாமா?

சிவநேசன் உல்லாசக் கப்பலில் கரீபியன் தீவுகளைச் சுற்றிப் பார்க்கப் போகிறானாம். 1987 மார்கழியில், சுவிஸில், ஷ்லீரன் நகரத்துத் தமிழர்களுக்கிடையே இதுதான் கதை. எனக்கு அது நாங்கள் குடியிருந்த கட்டடத்து நிலவறையில், உடுப்புத் தோய்க்கும் இயந்திரத்துக்குப் பக்கத்தில் கிடைத்தது. தந்தவர் மேல்மாடிச் செல்வராணி.

"உங்களுக்குத் தெரியாதோ அண்ணை? முதலாளியும் மனுசியும் கூட்டிக்கொண்டு போகினமாம். நாங்கள் இங்க சொக்ஸ் காயப்போட இடமில்லாமல் நிக்கிறம்."

"அவனிட்டைப் பாஸ்போட்டே இல்லையே?"

"அதுதான் எனக்கும் விளங்கேல்லை. முதலாளியைப் பிடிச்சா எல்லாம் வரும்போல."

சிவநேசனின் அகதி மனு ஒருமுறை நிராகரிக்கப்பட்டு, மேல்முறையீட்டில் கிடந்தது. எல்லை நகரமான ஷாஃப்ஹவுசனுக்கு அப்பால், ஜெர்மனியில், அவனுடைய சொந்தத் தமக்கை இருந்தாள். எல்லையைத் தாண்டினால் திரும்பி வர விடமாட்டார்கள் என்பதால் வந்த நாளிலிருந்து அவளை அவன் பார்த்ததில்லை. அவனுக்கே கரீபியன் திறந்துவிட்டதென்றால் சுவிஸ் அரசாங்கம் திருந்திவிட்டது என்றுதான் அர்த்தம். அப்படியொரு அதிசயத்தை நேரில் பார்க்காமல் விடக்கூடாது என்று கிளம்பினேன்.

ரயில் நிலையத்துக்குப் பின்னால் எக்லி என்பவரின் சாப்பாட்டுக்கடை. அதன் குசினியில் சிவநேசன் சட்டி கழுவினான். நயினாதீவுக்காரன், முப்பதைத் தாண்டியவன், அதிர்ந்து பேசத் தெரியாதவன். முதலாளி அவனை 'ஷிவா' என்பார். கடவுளின் பெயரால் கூப்பிட்டுக் கரிச்சட்டி கழுவ வைக்கும் நாடு இது ஒன்றுதான் என்று எழுத வந்தேன். யாழ்ப்பாணம் ஞாபகத்துக்கு வந்தது, விட்டுவிட்டேன்.

"கப்பல் ஏறப் போறீராம்?"

சட்டிக்குள்ளிருந்து தலையை எடுக்காமலே சிரித்தான். "ஏறுறது அவை அண்ணை. நான் இறங்கிறதுக்கு ஆலோசனை சொல்லுறன்."

நடந்தது இதுதான். எக்லியும் மனைவியும் தைமாதம் கடையைப் பூட்டிவிட்டுக் கப்பலில் போக இருந்தார்கள். வழியில் ஒரு சின்னத் தீவு. அதன் பெயரைச் சொன்னால் அந்த ஊர்க்காரர் கோபிப்பார்கள். அங்கே பெரிய கப்பல் கரைக்குப் போகாது; கடலிலேயே நங்கூரம் போட்டுவிட்டு, விரும்பியவர்களைப் படகில் இறக்கும். இறங்கினால் காசு கட்டிய மத்தியானச் சாப்பாடு வீணாய்ப் போய்விடும் என்றார் கணவர். இவ்வளவு தூரம் போய் ஜன்னலால் பார்ப்பதா என்றார் மனைவி. சண்டை முற்றியபோதுதான் குசினியில் ஒரு தீவுக்காரன் இருப்பது அவர்களுக்கு நினைவு வந்தது.

அதன் பிறகு மத்தியான இடைவேளைகளில், வெங்காய மூட்டையில் சாய்ந்து தூங்குகிறவனை எழுப்பிச் சாப்பாட்டு மண்டபத்து மெத்தைக் கதிரையில் இருத்தினார்கள். அவன் கழுவிய கோப்பையிலேயே அவனுக்குக் கோப்பி. முன்னால் வண்ணப் படப் புத்தகம்.

"எனக்கு அந்தத் தீவு தெரியாதெண்டு சொன்னனான். தீவெண்டால் தீவுதானே ஷிவா எண்டார்."

"எழும்பி வந்திருக்கலாமே?"

"எப்பிடி அண்ணை? எனக்கு அந்தாளின்ர கையெழுத்து வேணும்."

இந்த ஆள் இல்லாமல் என் குசினி நடக்காது என்று முதலாளி கன்டோனுக்கு, அதாவது மாநில அரசுக்கு, எழுதிக் கொடுத்தால் மேல்முறையீட்டுக்குக் கொஞ்சம் பலம் என்றும், தைமாதம் முடியுமுன் அது போய்ச் சேரவேண்டும் என்றும் வழக்கறிஞர் சொல்லியிருந்தார். எக்லியும் சம்மதித்திருந்தார். கடிதம் தட்டச்சாகிக் கையெழுத்துக்காகக் கிடந்தது. முதலில் தீவு, பிறகு கடிதம் என்பது அவருடைய ஒழுங்கு.

"கையெழுத்துப் போடுறது ஆர்?"

"முதலாளி."

"அப்ப இறங்க வேண்டாம் எண்டு சொல்லும்."

"மனுசி அழுவா அண்ணை."

"அவ அழட்டும். நீர் அழாமல் இருக்கலாம்."

ஓம் என்று தலையாட்டினான்.

மறுநாள் சாயந்தரம் போனேன். முகத்தைப் பார்த்ததும் விளங்கிவிட்டது.

"என்ன சொன்னனீர்?"

"இறங்கச் சொல்லிப்போட்டன்."

"உமக்கென்ன விசரோ?"

"ஒரு படம் காட்டினவர் அண்ணை. படகுத்துறையில சனம் வரிசையா நிக்குது, கையில சங்கு மாலையள். நானும் எங்கட துறையில கச்சான்கடலை விக்கக் கடகத்தோட நிண்டவன்தானே. கோயிலுக்கு வாற ஆக்கள் வெயிலெண்டு சொல்லிப்போட்டு விறுவிறெண்டு போயிடுவினம். இறங்குங்கோ, அந்தச் சனம் விடியவே வந்து நிக்குங்கள் எண்டு வாயில வந்திட்டுது."

எக்லியின் மனைவி எழும்பி அவன் கையைப் பிடித்துக் குலுக்கினாராம். எக்லி புத்தகத்தை மூடினாராம். அவர்களுக்கு வியாபாரம் நடக்கவா நான் பயணம் போகிறேன் என்று கேட்டுவிட்டுக் கடிதத்தை எடுத்து மேசை லாச்சிக்குள் வைத்தாராம். திரும்பி வந்து பார்ப்போம் ஷிவா என்றாராம்.

"திரும்பி எப்ப வருவினம்?"

"மாசியில."

அதற்குமேல் நானும் ஏசவில்லை.

மாசி தொடங்கியதும் பதில் வந்தது. மேல்முறையீடு தள்ளுபடி, நாட்டைவிட்டு வெளியேறத் தவணை. தவணை முடியுமுன்பே சிவநேசனின் அறை காலியாக இருந்தது. பாரிஸ் என்கிறார்கள் சிலர், கனடா என்கிறார்கள் சிலர். இந்தக் கதையை விசாரிக்க எனக்கு மனம் வரவில்லை.

எக்லி தம்பதி நன்றாகக் கறுத்துத் திரும்பினார்கள். ஒருநாள் போய்ச் சூப்புக்குச் சொல்லிவிட்டு, தீவு எப்படி என்று கேட்டேன்.

"கடல் கொந்தளிப்பு. படகுகளை இறக்கவே முடியவில்லை," என்றார் மனைவி. "கொஞ்ச நேரம் நின்றுவிட்டு அப்படியே போய்விட்டோம்."

"மத்தியானச் சாப்பாடு அருமை," என்றார் எக்லி. பிறகு பேனாவைத் தேடினார். "ஷிவாவுக்கு அந்தக் கடிதம் இன்னும் தேவையா?"

தேவையில்லை என்றேன்.

மனைவிதான் என்னை வாசல்வரை விட வந்தார். குரலைத் தாழ்த்தினார். அந்த மத்தியானங்களில் நாங்கள் அவனுடைய ஓய்வு நேரத்தை எடுத்துவிட்டோம், எல்லாம் சேர்ந்து ஒரு லீவு நாள் வருகிறது, அது சட்டப்படி அவனுடையது, வந்து எடுக்கச் சொல்லுங்கள் என்றார். நேர்மையான மனுசி.

குசினிச் சுவரில் வேலை அட்டவணை தொங்குகிறது. சட்டி கழுவப் புதிதாக வந்தவனின் பெயருக்குக் கீழே, 'ஷிவா, ஒரு நாள்' என்று இன்னும் இருக்கிறது.