கண்ணாடிக் குடுவைக்குள் எரிந்த பல்பு

அந்தக் கண்ணாடிக் குடுவை இப்போது என் சமையலறை மேடையில் இருக்கிறது. வடுகபட்டிப் பூண்டு போட்டு வைத்திருக்கிறேன். உள்பக்கம் பழுப்பாக ஒரு கறை. புளி போட்டுத் தேய்த்தும் போகவில்லை, போடா என்று நானும் விட்டுவிட்டேன். ஒரு காலத்தில் அது ஓடைப்பட்டியில் என் அத்தை வீட்டு நடுக்கூடத்துப் பல்பை மூடித் தொங்கியது.

அத்தை என் அப்பாவின் தங்கை. மாமா திராட்சைத் தோட்டமே கதி என்று கிடப்பவர். ஒருநாள் காலையில் சோற்றைப் போட்டு வைத்துக் காத்திருந்து சலித்துப்போன அத்தை, வந்தவர் சாப்பிடாமலே மறுபடி கிளம்பவும், "அங்கனயே கெடங்க, வீட்டுப் பக்கம் வராதீக" என்று கத்திவிட்டாள். எந்த வீட்டில்தான் இப்படிப் பேசவில்லை? அன்று மத்தியானம் திராட்சைப் பந்தலுக்கடியில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தவரைத் தூக்கிக்கொண்டுதான் வந்தார்கள். நடுக்கூடத்தில் கிடத்தினார்கள். கிடத்திய இடத்தில் காரியம் முடியும்வரை விளக்கு அணையக் கூடாது என்பார்கள். எண்ணெய் விளக்கு காற்றில் அணைந்துவிடுமோ என்று பயந்து, அத்தை மேலே பல்பையும் போட்டுவிட்டாள். காரியம் முடிந்து விளக்கை எடுத்த பிறகும் பல்பை அணைக்க அவளுக்கு மனசு வரவில்லை. இரவும் பகலும் எரிந்தது. பூச்சி அண்டக் கூடாதென்று கண்ணாடிக் குடுவையை மாட்டி இறுக மூடியும் வைத்தாள்.

அதற்கப்புறம்தான் கூத்து ஆரம்பித்தது. புது பல்பு போடுவாள், கொஞ்ச நாளில் போய்விடும். மறுபடி போடுவாள், அதுவும் போய்விடும். "உங்க மாமாவுக்கு எம் மேல கோவம் தீரலத்தா. நான் போடப்போட வந்து அணைச்சிட்டுப் போறாக" என்று போனில் அழுவாள். சோறு இறங்காமல் பாதி ஆளாகிவிட்டாள். பக்கத்து வீட்டுக்காரி வேறு, குறி கேட்கப் போவோம் என்று நச்சரித்துக்கொண்டிருந்தாள்.

நான் அப்போது தேனி கடைவீதியில் ஒரு எலெக்ட்ரிகல் கடைக் கவுண்டரில் இருந்தேன். கியாரண்டிக்குள் போன பல்பைத் தூக்கிக்கொண்டு சண்டைக்கு வருகிறவர்களைச் சமாளிப்பதே என் பிழைப்பு. பேய் பிடித்த பல்பு எதுவும் என்னிடம் வந்ததில்லை. ஒரு லீவு நாளில் புது ஹோல்டரோடு ஓடைப்பட்டிக்குப் போனேன். பட்டப்பகலில் எரிந்துகொண்டிருந்தது பல்பு. சுவிட்சில் கை வைத்ததும், "அணைக்காதத்தா" என்று பிடித்துக்கொண்டாள். "நான் அணைக்கலேன்னா நாளைக்கு அதுவா அணையும் அத்தே" என்றேன். மெயினையும் அணைத்துவிட்டு ஸ்டூலில் ஏறிக் குடுவையைத் தொட்டால், கொதித்தது. எல்இடி பல்புக்குச் சூடுதான் எமன். அடியில் இருக்கும் சின்ன சர்க்யூட் காற்றோட்டமில்லாமல் வெந்துவிடும். போதாததற்கு ஹோல்டர் லூசாகி, முனை கறுத்துக் கிடந்தது. தோட்டத்து மோட்டார்கள் மொத்தமாக நிற்கும்போது வோல்டேஜ் எகிறும் ஊர் வேறு. ஹோல்டரை மாற்றி, குடுவையில்லாமல் பல்பை மாட்டினேன். இனிமேல் மூட வேண்டாம், பகலில் அணைத்துவிடுங்கள் என்றேன்.

"அப்ப அவுக கோவத்துல அணைக்கலையா?"

"இல்லத்தே. சூடு. வெறும் சூடு."

அவள் முகம் தெளிந்ததைப் பார்த்தேன். பெரிதாக ஒரு மூச்சு விட்டாள். பிறகு தரையில் உட்கார்ந்து, குடுவையை மடியில் வைத்துக்கொண்டு கேட்டாள்: "அப்ப அவுக வரவே இல்லயாத்தா?"

அய்யோ, அதை நான் யோசிக்கவே இல்லையே. கழற்றிய ஹோல்டரை எடுத்துப் பையில் போட்டேன்.

அந்தப் பல்பு அதற்குப் பிறகு போகவே இல்லை. சாயங்காலம் போட்டு, படுக்கும்போது அத்தையே அணைத்துவிடுவாள். நன்றாகச் சாப்பிட்டாள், உடம்பு தேறினாள். ஆனால் மாமா பேச்சை எடுப்பதையே விட்டுவிட்டாள். போன வருஷம் அவளும் போய்ச் சேர்ந்தாள். வீட்டைக் காலி செய்தபோது குடுவையை நான் எடுத்து வந்தேன்.

போன வாரம் என் வீட்டு ஹாலில் பல்பு போனது. மூடி கிடையாது, ஹோல்டர் புதுசு, பல்பு வாங்கி ஒரு மாதம்கூட ஆகவில்லை. எலெக்ட்ரீசியன் வந்து பார்த்துவிட்டு, "வோல்டேஜாத்தான் இருக்கும்க்கா" என்றார். வேறென்ன இருக்கப் போகிறது என்று நானும் தலையாட்டினேன். அவர் போனதும் கதவைச் சாத்தினேன். பூண்டைத் தட்டில் கொட்டிவிட்டு, குடுவையை மடியில் வைத்துக்கொண்டு ஹாலில் உட்கார்ந்தேன்.

"அத்தே, வந்தீகளா?" என்று கேட்டேன்.